'ஒரே குற்றம்' என்னுஞ் சொற்றொடர்: அமெரிக்கச் சமஷ்டி மேன்முறையீடுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரே குற்றத்திற்காக ஒருவரை இருமுறை இடருக்குள்ளாக்குதல் ஆகாது என்னும் விதி உலகின் பல சட்ட மரபுகளிற் காணப்படுவதொன்று. ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பில் 1791 ஆம் ஆண்டு டிசெம்பரில் இணைக்கப்பட்ட ஐந்தாவது திருத்தம் இதனை ஒரு சிறு வாக்கியக் கூறாகத் தந்துள்ளது. ஒரே குற்றத்திற்காக எவரும் உயிருக்கோ உறுப்புக்கோ நேரும் இடருக்கு இருமுறை ஆளாக்கப்படலாகாது என்பதே அதன் சாரம். இதனை இருமுறை இடர் விதி என இங்கு சுட்டுவோம். இவ்விதியைப் பற்றி எழுதுவோர் பலரும் 'இருமுறை' என்னுஞ் சொல்லையே பற்றிக்கொள்வர். ஆனால், இரு நூற்றாண்டு காலத் தீர்ப்புகளைத் தொடர்ச்சியாக நோக்குமிடத்து, பூசல் முழுவதும் 'ஒரே குற்றம்' என்னும் இரு சொற்களைச் சுற்றியே நிகழ்ந்திருப்பது புலனாகும். மனிதன் ஒரு செயலைச் செய்கின்றான். அச்செயலை எத்தனை குற்றங்களாக எண்ணுவது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? அரசே எண்ணுமாயின், அரசின் கையைக் கட்டுவதற்கென எழுதப்பட்ட விதியால் யாது பயன்? இவ்வினாக்களுக்குச் சமஷ்டி நீதிமன்றங்கள் அளித்த விடைகளையும், அவ்விடைகளை உருவாக்கிய அரச அமைப்பின் தன்மையையும் இங்கு ஆராய்வோம்.

விதியின் வேர்களைத் தேடுவோர் வழக்கமாக 1164 ஆம் ஆண்டுப் பூசலிலிருந்து தொடங்குவர். திருச்சபை நீதிமன்றத்திற் குற்றவாளிகளாகக் காணப்பட்ட குருமாரை அரச நீதிமன்றத்தில் மீண்டுந் தண்டிக்க இரண்டாம் ஹென்றி மன்னர் விழைந்தபோது, கடவுள்கூட ஒரு பிழைக்கு இருமுறை தண்டிப்பதில்லை என்னும் வாதத்தைப் பேராயர் தோமஸ் பெக்கெற் முன்வைத்தார். 1170 இல் அவர் கொலையுண்டார். இக்கதை சுவையானதே, எனினும் இதனை ஒரு மனித உரிமையின் பிறப்பாகக் கொள்வது மிகை என்றே நாம் கருதுகின்றோம். அங்கு மோதியவை இரு அதிகார பீடங்கள். குருப்பட்டம் பெறாத குடியானவனுக்கு அவ்வாதத்தினால் எவ்விதப் பயனும் விளையவில்லை.

பிளாக்ஸ்ரோன் தமது ஆங்கிலச் சட்ட விளக்கவுரையை வெளியிட்ட 1765 – 1769 காலப்பகுதியில் இவ்விதி உறுதியான வழக்காறாகிவிட்டது. முன்னரே விடுதலை பெற்றேன் என்றும், முன்னரே குற்றவாளியாகக் காணப்பட்டேன் என்றும் எதிரி கூறத்தக்க இரு எதிர்வாதங்களை அவர் விளக்குகின்றார். இங்கு மனங்கொள்ள வேண்டியது, அக்காலக் குற்றவியற் சட்டத்தின் உருவமாகும். பெருங் குற்றங்கள் எண்ணிக்கையிற் சுருங்கியவையாயும் பொருளில் அகன்றவையாயும் இருந்தன. அவற்றிற் பலவற்றுக்கு மரணமே தண்டனை. ஒருவனை ஒருமுறைதான் தூக்கிலிடலாம். ஆகவே, ஒரு செயலைப் பத்துக் குற்றங்களாகக் கூறுபோடுவதில் அரசுக்குப் பெரிய ஆதாயம் இருக்கவில்லை. கூறுபோடும் ஆசை தண்டப்பணம் வசூலிக்கும் சிறு குற்றங்களிலேதான் தலைகாட்டிற்று. 1777 இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்த்த வழக்கொன்று இதற்குச் சான்று. ஞாயிற்றுக்கிழமையிற் பாண் விற்ற ஒருவருக்கு, ஒரே நாளில் நான்கு பாண்கள் விற்றமைக்காக நான்கு முறை ஐந்து சிலிங் தண்டப்பணம் விதிக்கப்பட்டிருந்தது. ஞாயிறன்று தொழில் செய்தலே சட்டம் தடுத்த குற்றம்; நாள் ஒன்றாயின் குற்றமும் ஒன்றே; பாண்களின் தொகை பொருளன்று என மான்ஸ்ஃபீல்ட் தீர்த்தார். அந்நான்கு பாண்களும் நூற்றுப்பத்து ஆண்டுகளின் பின்னர் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்கு வந்துசேர்ந்ததைப் பின்னர் காண்போம்.

1789 ஜூன் மாதத்தில் மடிசன் காங்கிரசின் முன்வைத்த வரைவு, ஒரே குற்றத்திற்காக ஒன்றுக்கு மேற்பட்ட விசாரணையோ ஒன்றுக்கு மேற்பட்ட தண்டனையோ ஆகாது எனத் தெளிவாகக் கூறிற்று. மேன்முறையீட்டில் வெற்றிபெற்ற எதிரி மறுவிசாரணை கோருவதற்கும் இது தடையாகிவிடும் என்னும் அச்சம் சபையில் எழுந்தது. ஈற்றில் பழைய ஆங்கில வழக்காற்றின் 'உயிருக்கோ உறுப்புக்கோ' என்னும் தொடர் அதன் இடத்தைப் பிடித்தது. தண்டனை, விசாரணை என்னும் வெளிப்படையான சொற்கள் மறைந்தமை பின்வந்த நூற்றாண்டுகளில் நீதிபதிகளுக்கு மிகுந்த வேலையை அளித்தது எனலாம்.

மேன்முறையீடு என்றதும் ஒரு வரலாற்றுண்மையைச் சுட்டவேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் முதல் நூறாண்டுகளிற் சமஷ்டிக் குற்ற வழக்குகளில் எதிரிக்குப் பொதுவான மேன்முறையீட்டு உரிமை கிடையாது. மரண தண்டனை வழக்குகளுக்கு 1889 இலேயே உயர் நீதிமன்றத்தின் கதவு திறந்தது. பிராந்திய மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் 1891 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தோன்றின. அதற்கு முன்னர் இருமுறை இடர் பற்றி முறையிட விரும்பியவர் ஆட்கொணர்வு எழுத்தாணை என்னும் பக்கவாசலாலேயே நுழையவேண்டியிருந்தது. அவ்வாறு நுழைந்தவர்களுள் ஒருவர் லாஞ். தபாற் பைகளைத் திருடியமைக்குத் தண்டப்பணம் அல்லது சிறை எனச் சட்டம் கூறியிருக்க, நீதிபதி இரண்டையும் விதித்தார்: ஓராண்டுச் சிறையும் 200 டொலரும். லாஞ் பணத்தைச் செலுத்திச் சிறையும் புகுந்தார். பிழையை உணர்ந்த நீதிபதி சில நாட்களின் பின் முதற் தீர்ப்பை நீக்கி, ஓராண்டுச் சிறையை மீளவும் விதித்தார். செலுத்திய பணமோ அரச கருவூலத்திற் சேர்ந்துவிட்டிருந்தது. சட்டம் விதிக்கத்தக்க தண்டனைகளுள் ஒன்றை அவர் முழுமையாக அனுபவித்துவிட்டார். இரண்டாவதை விதிக்கும் அதிகாரம் தீர்ந்துவிட்டது என 1874 இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இவ்விதி இரண்டாம் விசாரணையை மட்டுமன்றி இரண்டாந் தண்டனையையும் தடுக்கின்றது என்னும் கருத்து இவ்வழக்கிலேயே நிலைபெற்றது.

அடுத்த வழக்கு நமது நோக்கிற்கு மேலும் முக்கியமானது. யூற்றா அப்போது ஒரு மாநிலமன்று, காங்கிரசின் நேரடி ஆட்சிக்குட்பட்ட ஆள்புலம். அங்கு வாழ்ந்த மோர்மன் சமயத்தவரின் பலதார மணத்தை ஒடுக்கும்பொருட்டு 1882 இல் இயற்றப்பட்ட சட்டம், ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களுடன் கூடிவாழ்தலுக்கு ஆறு மாதச் சிறையும் 300 டொலர் தண்டப்பணமும் உச்சத் தண்டனையாக வகுத்தது. தண்டனை சிறிது, ஆனால் வழக்குத்தொடுநர் அதனைப் பெருக்கும் வழியைக் கண்டுபிடித்தனர். மோர்மன் தலைவர்களுள் ஒருவரான லொரென்சோ ஸ்நோ மீது 1883, 1884, 1885 ஆகிய ஆண்டுகளுக்கென மூன்று குற்றப்பத்திரங்கள் தாக்கல் செய்யப்பட்டன. குடும்ப வாழ்க்கை ஒன்றே. நாட்காட்டியே அதனை மூன்றாக வெட்டிற்று. ஒவ்வொன்றுக்கும் உச்சத் தண்டனை ஒன்றன்பின் ஒன்றாக விதிக்கப்பட்டது. 1886 இல் ஸ்நோ செய்த மேன்முறையீட்டை, தனக்கு அதனை விசாரிக்கும் அதிகாரம் இல்லை என உயர் நீதிமன்றம் தள்ளிற்று. முதல் ஆறு மாதங்களைச் சிறையிற் கழித்தபின் ஆட்கொணர்வு விண்ணப்பத்தோடு மீண்டும் வந்தார். 1887 பெப்ருவரியில் நீதிமன்றம் மான்ஸ்ஃபீல்ட் பிரபுவின் பாண் வழக்கை எடுத்துக்காட்டித் தீர்ப்பளித்தது: கூடிவாழ்தல் தொடர்ச்சியான ஒரே குற்றம், அதனை ஆண்டுகளாக வெட்டலாமெனின் மாதங்களாகவும் வாரங்களாகவும் வெட்டலாம். ஸ்நோ விடுதலையானார்.

இரண்டாண்டுகளின் பின்னர் நீல்சன் என்பவரின் வழக்கு வந்தது. 1888 மே 13 வரை கூடிவாழ்ந்தமைக்காகத் தண்டனை பெற்ற அவர்மீது, மறுநாளான மே 14 இல் அதே பெண்ணுடன் பிறன்மனை உறவு கொண்டார் என்னும் வேறொரு பெயரில் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஒரு நாள் இடைவெளியும் ஒரு புதிய பெயரும்! 1889 இல் உயர் நீதிமன்றம் இதனையும் தடுத்தது. காலத்தைத் துண்டாடுதலையும் பெயரை மாற்றுதலையும் ஒருங்கே மறுத்த இவ்விரு தீர்ப்புகளும் இருமுறை இடர் விதியின் உயர்ந்த கட்டத்தைக் குறிப்பன என்பது நமது துணிபு. மோர்மன் தலைவர்களின் குடும்ப ஒழுங்கைப் பற்றி முற்போக்கு வாசகர் எக்கருத்தைக் கொண்டிருப்பினும், அவர்கள் பெற்ற தீர்ப்பு பின்வந்த ஏழை எதிரிகள் பலருக்குக் கிடைக்கவில்லை என்பதை மறத்தலாகாது.

ஏன் கிடைக்கவில்லை? இதற்கு விடை நீதிபதிகளின் மனப்போக்கில் மட்டும் இல்லை. சமஷ்டி அரசின் கட்டமைப்பிலேயே உள்ளது. அமெரிக்க அரசியலமைப்பின்படி கொலை, களவு, மோசடி முதலிய பொதுக் குற்றங்களைத் தண்டிக்கும் பொது அதிகாரம் மாநிலங்களுக்குரியது. காங்கிரசுக்கு அத்தகைய பொது அதிகாரம் இல்லை. வரி விதித்தல், தபால் நடத்துதல், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குசெய்தல் எனச் சில அதிகாரங்களே அதற்கு உண்டு. எனவே ஒரு தீச்செயலைத் தண்டிக்க விரும்பும் காங்கிரஸ் அச்செயலை இவற்றுள் ஏதேனும் ஒரு முளையிற் கட்டியாகவேண்டும். மோசடியைத் தபாலிற் கட்டிற்று. போதைப்பொருளை வரியிற் கட்டிற்று. பெண்களைக் கொண்டுசெல்லுதலை மாநில எல்லையிற் கட்டிற்று. இதன் விளைவாக, சமஷ்டிக் குற்றங்கள் மனிதன் செய்த தீமையினால் அன்றி, அத்தீமை அரச அதிகாரத்தைத் தொட்ட புள்ளியினால் வரையறை பெற்றன. ஒரு செயல் நான்கு புள்ளிகளைத் தொட்டால் நான்கு குற்றங்கள்.

1916 இல் தீர்க்கப்பட்ட பாடர்ஸ் வழக்கில், ஒரு மோசடித் திட்டத்தின்பொருட்டு அனுப்பப்பட்ட ஏழு கடிதங்கள் ஏழு குற்றங்களாயின. சிறைத்தண்டனைகள் ஏககாலத்தில் ஓடின. தண்டப்பணமோ கடிதத்துக்கு 1,000 டொலர் வீதம் 7,000 டொலராயிற்று. கடிதமொன்றைத் தபாலில் இடுதல் ஒவ்வொன்றையும் தனிக் குற்றமாக்கச் சட்டமியற்றுவோரால் முடியும் என்பதில் ஐயமே இல்லை என நீதியரசர் ஹோம்ஸ் மிகச் சுருக்கமாக எழுதினார். நான்கு பாண்கள் ஒரு குற்றம். ஏழு கடிதங்கள் ஏழு குற்றங்கள். இவ்விரண்டிற்கும் இடையில் நிகழ்ந்த மாற்றமே இருபதாம் நூற்றாண்டு.

அதற்குச் சற்று முன்னர், 1911 இல், புதிய அளவுகோல் ஒன்று மணிலாவிலிருந்து வந்தது. ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகளைக் கைப்பற்றிய அமெரிக்கா அங்கு தன் ஆட்சியை நிறுவியிருந்த காலம். காவியெரெஸ் என்பவர் பொதுவிடத்தில் ஆரவாரமாகவும் பண்பற்றும் நடந்தாரென நகர ஒழுங்குவிதியின்கீழ்த் தண்டிக்கப்பட்டார். பின்னர் அதே வேளையில் அதே வாயாற் சொன்ன அதே சொற்களுக்காக, அரச உத்தியோகத்தரை இகழ்ந்தாரென இரண்டாம் முறையும் தண்டிக்கப்பட்டார். ஒரு குற்றத்திற்குப் பொதுவிடம் வேண்டும், மற்றதற்கு உத்தியோகத்தர் வேண்டும். ஆகவே இவை இரு குற்றங்கள் என உயர் நீதிமன்றம் கூறிற்று. இவ்வளவுகோலின் மூலம் மசாசூசெற்ஸ் மாநில நீதிமன்றம் 1871 இல் அளித்த ஒரு தீர்ப்பாகும். ஆயினும் உயர் நீதிமன்றம் அதனைக் கையிலெடுத்துக் கூர்தீட்டியது குடியேற்றநாட்டுக் குடிமகன் ஒருவன்மீதே. இதே பிலிப்பைன்சிலிருந்து 1904 இல் வந்த கெப்னர் வழக்கில், விடுதலை பெற்ற அமெரிக்க வழக்கறிஞர் ஒருவரை அரசின் மேன்முறையீட்டின்பேரிற் குற்றவாளியாக்கியது தவறு என அதே நீதிமன்றம் தீர்த்திருந்தமையையும் உடன்வைத்து நோக்குதல் தகும். இரு வழக்குகளின் சட்ட வினா வேறு என்பது உண்மை. அமெரிக்கர் விடுதலையானார், பிலிப்பினர் சிறைசென்றார் என்பதும் உண்மை.

இவ்வளவுகோல் முழு உருப்பெற்றது 1932 ஜனவரியில் தீர்க்கப்பட்ட பிளொக்பேர்கர் வழக்கிலாகும். இன்றுவரை சமஷ்டி மேன்முறையீடுகளில் மேலெழும் பெயர் இதுவே. 1914 ஆம் ஆண்டின் ஹரிசன் சட்டம் போதைப்பொருளை நேரடியாகத் தடைசெய்யாது, வரிச்சட்டமாக வேடம் பூண்டிருந்தது. முத்திரை ஒட்டிய மூலப் பொதியிலன்றி விற்றல் ஒரு குற்றம். கொள்வோனின் எழுத்துக் கட்டளைப் படிவமின்றி விற்றல் இன்னொரு குற்றம். கள்ளச்சந்தையில் மோர்பீன் விற்பவன் முத்திரையும் ஒட்டமாட்டான், படிவமும் கேட்கமாட்டான் என்பது வெளிப்படை. ஆகவே கள்ள விற்பனை ஒவ்வொன்றும் பிறக்கும்போதே இரட்டையாகப் பிறந்தது. பிளொக்பேர்கர் ஒரே ஆளுக்கு ஒரு நாள் 10 கிறெயினும் அடுத்த நாள் 8 கிறெயினும் விற்றார். இரு விற்பனைகளும் இரண்டு. இரண்டாவது விற்பனை படிவமின்மையால் மீண்டும் ஒன்று. ஆக மூன்று குற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுச் சிறையும் 2,000 டொலரும். சிறை ஒன்றன்பின் ஒன்றாகப் பதினைந்தாண்டுகள்.

நீதியரசர் சதர்லண்ட் எழுதிய தீர்ப்பு மிகச் சிறியது. ஒரு செயல் இரு சட்டப்பிரிவுகளை மீறுமாயின், ஒவ்வொரு பிரிவும் மற்றது வேண்டாத ஓர் உண்மையை நிறுவவேண்டுமா எனப் பார்க்கவேண்டும். வேண்டுமெனின் அவை இரு குற்றங்கள். தண்டனை கடுமையாயின் அதனைத் திருத்துவது காங்கிரசின் கடமையேயன்றி நீதிமன்றத்தின் கடமையன்று. இத்தீர்ப்பின் முறைமையை நாம் ஒருகணம் நின்று நோக்கவேண்டும். இங்கு மனிதனின் செயல் ஆராயப்படவில்லை. அவன் விளைத்த தீங்கும் ஆராயப்படவில்லை. இரு சட்டப்பிரிவுகளின் சொற்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதே சோதனையாயிற்று. சொற்களை எழுதுபவர் காங்கிரசாதலின், ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்ப்பதன்மூலம் ஒரு குற்றத்தை இரண்டாக்கும் ஆற்றல் அரசின் கைக்கு வந்தது. சமஷ்டிக் குற்றம் ஒவ்வொன்றும் வெவ்வேறு முளையிற் கட்டப்பட்டிருத்தலால், இச்சோதனையில் அவை பெரும்பாலும் வெவ்வேறாகவே தேறின. காவலாக நிறுத்தப்பட்ட விதியின் திறவுகோல் காவலுக்கு உட்பட்டவரின் கையிலேயே ஒப்படைக்கப்பட்டது.

1958 இன் கோர் வழக்கில் ஒரே விற்பனை மூன்று குற்றங்களாயிற்று. ஐந்து நீதியரசர்கள் அதனை ஏற்க, நால்வர் மறுத்தனர். பெரும்பான்மைக்காக எழுதியவர் பிராங்க்பேர்ட்டர். வியப்பு யாதெனில், 1955 இன் பெல் வழக்கில், இரு பெண்களை ஒரே பயணத்திற் கொண்டுசென்றமை ஒரே குற்றமே, காங்கிரஸ் ஐயந்திரிபறக் கூறாதவிடத்து ஐயத்தின் பயன் எதிரிக்கே எனத் தீர்த்தவரும் அவரே. 1958 இலேயே முடிந்த லாட்னர் வழக்கில், ஒரே துப்பாக்கி வேட்டால் இரு அதிகாரிகள் காயமுற்றமை ஒரே தாக்குதல் எனலாம் என்றும் நீதிமன்றம் கண்டது. 1942 இன் பிரேவர்மன் வழக்கோ, ஒரே உடன்பாடு பல சட்டங்களை மீறும் நோக்குடையதாயினும் சதி ஒன்றே எனத் தீர்த்திருந்தது. ஆகவே இரு நீரோட்டங்கள் அருகருகே ஓடின. ஆயின் இவற்றின் ஆழம் ஒன்றன்று. பெல் மரபு எதிரிக்கு உதவியது காங்கிரசின் சொல் தெளிவற்றிருந்தபோது மட்டுமே. அடுத்த சட்டத்தைத் தெளிவாக எழுதுவது எளிது.

1970 இல் காங்கிரஸ் அவ்வாறே எழுதிற்று. அவ்வாண்டில் இயற்றப்பட்ட, ஒழுங்கமைந்த குற்றக்கும்பல்களுக்கும் தொடர் போதைப்பொருள் வணிகத்துக்கும் எதிரான சட்டங்கள், வேறு குற்றங்களையே தம் உறுப்புகளாகக் கொண்டவை. 1981 இன் அல்பேர்னாஸ் வழக்கில், இறக்குமதிச் சதி, விநியோகச் சதி என ஒரே கஞ்சா உடன்பாட்டுக்கு இரு தண்டனைகள் விதிக்கப்பட்டமை ஏற்கப்பட்டது. ஒரே விசாரணையில் எத்தனை தண்டனைகள் விதிக்கலாம் என்பது சட்டமியற்றுவோரின் எண்ணத்தைப் பொறுத்ததே என்னுங் கருத்து அங்கு வலுப்பெற்றது. இருமுறை இடர் பற்றிய தீர்ப்புகளைக் கப்பலோட்டியைத் திகைக்கவைக்கும் பாசிபடர்ந்த சர்காசோக் கடலுக்கு நீதியரசர் ரெங்குவிஸ்ற் ஒப்பிட்டதும் அத்தீர்ப்பிலேதான். 1983 இல் மிசூரி மாநில வழக்கொன்றில் நீதிமன்றம் இன்னுமொரு படி சென்றது: இரு குற்றங்களும் பிளொக்பேர்கர் சோதனையின்படி ஒன்றேயாயினும், இரட்டைத் தண்டனை வேண்டுமெனச் சட்டமன்றம் தெளிவாகக் கூறின் அது செல்லும். இரு வழக்குகளுக்குத் தடையான 'ஒரே குற்றம்' இரு தண்டனைகளுக்கு மட்டும் எவ்வாறு வேறாகும் என நீதியரசர் தர்கூட் மார்ஷல் தமது மறுப்புரையில் வினவினார். அவ்வினாவுக்கு நிறைவான விடை இன்னும் அளிக்கப்படவில்லை என்பதே நமது கருத்து.

இவற்றினிடையே ஒரு சிறு வெளிச்சமும் இல்லாமலில்லை. குற்றவாளியென முன்னர் காணப்பட்ட ஒருவர் துப்பாக்கியைப் பெற்றமை ஒரு குற்றம், அதனை வைத்திருந்தமை இன்னொரு குற்றம் என்னும் வேடிக்கையான நிலைமை 1985 இன் போல் வழக்கில் ஆராயப்பட்டது. பெறாமல் வைத்திருத்தல் எவ்வாறு? ஒன்றை நீக்கவேண்டும் என்றது நீதிமன்றம். தண்டனைகள் ஏககாலத்தில் ஓடுவதாற் பாதகமில்லை என்னும் அரச தரப்பு வாதத்தையும் அது ஏற்கவில்லை; மேலதிகத் தீர்ப்பு ஒவ்வொன்றும் எதிரியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு அடுத்த வழக்கில் அவனைத் துரத்தும் என்றது. 1996 இல் ரட்லெஜ் வழக்கு இதனை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. தொடர் போதைப்பொருள் வணிகம், அதற்கான சதி ஆகிய இரண்டுக்குமாக அவருக்கு ஏககாலத்தில் இரு ஆயுட் சிறைகள் விதிக்கப்பட்டிருந்தன. ஒரு மனிதனுக்கு ஆயுள் ஒன்றே. ஆயினும் குற்றத்தீர்ப்பு ஒவ்வொன்றுக்கும் 50 டொலர் அறவிடப்பட்டிருந்தமையால் இரண்டாவது தீர்ப்பும் ஒரு தண்டனையே எனக் கண்டு, ஒன்றை நீக்குமாறு நீதிமன்றம் ஏகமனதாகப் பணித்தது. கோட்பாடு வென்றது. எதிரிக்கு மிஞ்சியது 50 டொலரும் ஓர் ஆயுட் சிறையும்.

ஐம்பது டொலரில் இவ்வளவு நுட்பம் காட்டிய காலத்திலேயே துப்பாக்கிச் சட்டம் வேறொரு கதையைச் சொல்லிற்று. 1993 இன் டீல் வழக்கில், ஆறு வங்கிக் கொள்ளைகளிலும் துப்பாக்கி ஏந்தியமைக்காக மட்டும், முதலாவதுக்கு ஐந்தாண்டும் ஏனைய ஐந்துக்கும் இருபதாண்டு வீதமும், 105 ஆண்டுகள் விதிக்கப்பட்டமை உறுதிசெய்யப்பட்டது. ஒரே விசாரணையில் காணப்பட்ட குற்றங்களையே 'இரண்டாவது' முறைக் குற்றங்களாக எண்ணுதல் கூடும் எனக் கொள்ளப்பட்டது. இந்த அடுக்குமுறையை 2018 டிசெம்பரில் காங்கிரஸ் தானே திருத்திற்று. திருத்தம் முன்னர் தண்டிக்கப்பட்டவர்களைத் தானாகச் சென்றடையவில்லை. 2023 இன் லோரா வழக்கில், அச்சட்டத்தின் கொலை பற்றிய பிரிவின்கீழ் வரும் தண்டனை ஏககாலத்தில் ஓடலாம் என உயர் நீதிமன்றம் ஏகமனதாகக் கூறியது. இவை நிவாரணங்களே; எனினும் இரண்டும் சட்டத்தின் சொல்லை மாற்றியோ பொருள்கொண்டோ வந்தவை. அரசியலமைப்பின் விதி இவ்விரண்டிலும் பார்வையாளராகவே நின்றது.

இரட்டை இறைமைக் கோட்பாட்டையும் சுருக்கமாயினும் தொடவேண்டும். ஒரே செயலை மாநிலமும் சமஷ்டி அரசும் தனித்தனியே தண்டிக்கலாம், இரு இறைமைகளின் சட்டங்கள் இரு குற்றங்களாகும் என்பது அதன் சாரம். இதன் ஆரம்ப ஊற்றுகளுள் ஒன்று 1852 இன் மூர் வழக்கு. 1842 இல் இலினோய் மாநிலத்தின் குவின்சி நகரில் தப்பியோடிய அடிமை ஒருவருக்கு அடைக்கலமளித்த வைத்தியர் ரிச்சர்ட் ஈல்ஸ் மாநிலச் சட்டத்தின்கீழ் 400 டொலர் தண்டப்பணத்துக்குள்ளானார். இக்குற்றத்தைச் சமஷ்டிச் சட்டமும் தண்டிக்குமாதலால் ஒருவர் இருமுறை தண்டிக்கப்பட நேரும் என அவர் தரப்பினர் வாதிட்டனர். குடிமகன் ஒவ்வொருவனும் இரு இறைமைகளுக்குக் கடமைப்பட்டவன் என நீதிமன்றம் விடையளித்தது. அடிமையுடைமையைக் காக்கும் பொருட்டுக் கூறப்பட்ட இவ்விடை, அடிமைமுறை அழிந்தபின்னும் வாழ்ந்தது. 1922 இல் மதுவிலக்கு வழக்குகளிலும், 1959 இலும், 2019 இன் கம்பிள் வழக்கில் ஏழுக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையோடும் உறுதிபெற்றது. இங்கு முற்போக்காளர் ஒருகணம் தயங்கவேண்டியுள்ளது. ரொட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரைத் தாக்கிய பொலிசாரை 1992 இல் கலிபோர்னிய மாநில யூரிமார் தண்டியாதுவிட்டபோது, 1993 இல் அவர்களுள் இருவரைச் சமஷ்டி நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது இதே கோட்பாட்டின் துணையினாலேயே. கோட்பாடு இருபுறமும் வெட்டும் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் 2022 இன் டெனெஸ்பி வழக்கை நோக்குக. பழங்குடிச் சட்டமொன்றின்கீழ், சமஷ்டி உள்துறைத் திணைக்களம் நடத்தும் நீதிமன்றத்திற் குற்றத்தை ஏற்று 140 நாள் சிறையிலிருந்த நவாஹோ இனத்தவர் ஒருவர், அதே செயலுக்காகச் சமஷ்டி நீதிமன்றத்தில் 30 ஆண்டுச் சிறை பெற்றார். இருமுறையும் வழக்கை நடத்தியது ஒரே சமஷ்டி அரசின் கை. இறைமை மட்டும் இரண்டெனப்பட்டது.

ஈற்றில், இவ்வளவு தீர்ப்புகளும் எவரைச் சென்றடைகின்றன என்னும் வினா எஞ்சுகின்றது. சமஷ்டிக் குற்றத்தீர்ப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை விசாரணையின்றி, எதிரி குற்றத்தை ஏற்பதனால் விளைபவை. ஒரு செயலுக்கு ஐந்து குற்றச்சாட்டுகளைச் சுமத்தக்க வழக்குத்தொடுநர், நான்கைக் கைவிடுவதாகக் கூறி ஒன்றை ஏற்கச்செய்வார். அந்நான்கும் எந்த நீதிமன்றத்திலும் சோதிக்கப்படுவதில்லை; மேன்முறையீட்டு நீதிபதியின் கண்ணில் அவை படுவதுமில்லை. ஏற்கப்பட்டவை ஒன்றுக்கு மேற்பட்டனவாயின் நிலைமை யாது என்பதற்கு 1989 இன் புரோஸ் வழக்கு விடையாகும். கன்சாஸ் மாநில நெடுஞ்சாலை ஒப்பந்தங்களுக்கான கேள்விப்பத்திரங்களில் நிறுவனங்கள் கூடி விலை பேசிக்கொண்டன. புரோஸ் தரப்பினர் இரு சதிகளைச் செய்ததாகக் குற்றத்தை ஏற்றனர். அதே ஏற்பாட்டிற் பங்குகொண்ட இன்னொரு நிறுவனம் ஏற்க மறுத்து விசாரணைக்குச் சென்று விடுதலை பெற்றது. அதன்மீது தொடுக்கப்பட்ட இரண்டாவது வழக்கு, உண்மையில் இருந்தது ஒரே சதிதான் என்னும் காரணத்தால் தள்ளப்பட்டது. இதனைக் கண்ட புரோஸ் தரப்பினர் தமது இரண்டாவது தண்டனையையும் நீக்குமாறு வேண்டினர். சதிகள் இரண்டென நீங்களே ஏற்றுவிட்டீர்கள். அதனை மறுக்கும் வாதத்தை இனிக் கேளோம் என உயர் நீதிமன்றம் விடையளித்தது. இருந்த உடன்பாடு ஒன்றே. விசாரணைக்குச் சென்றவருக்கு அது ஒரு குற்றமாகவும், செல்லாதவருக்கு இரு குற்றங்களாகவும் ஏட்டில் நின்றது.